நான் இருட்டாக்கிய கல்யாணம்

ஒரு தொழிலில் ஒன்றுமே தெரியாதவரால் பெரிய கெடுதல் வராது. அவர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார். பாதி தெரிந்தவர்தான் ஆபத்து. தெரிந்த பாதியை வைத்துத் தெரியாத பாதியையும் சரிசெய்யக் கிளம்பிவிடுவார். நான் அப்படிப் பாதி தெரிந்தவள். அதை என் நாத்தனார் கல்யாணத்தில், இருநூறு பேர் முன்னிலையில் நிரூபித்தேன்.

அப்போது எண்பதுகளின் தொடக்கம். போடிநாயக்கனூரில் என் வீட்டுக்காரர் ராசாங்கம் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். போட்டோ எடுப்பது அவர். பின்னால் இருட்டறையில் நின்று பிரிண்ட் போடுவது நான். கல்யாணமாகி வந்த புதிதில் உதவிக்குப் போனவள், அப்படியே அங்கே தங்கிவிட்டேன். காரணம் தொழில் ஆசை இல்லை. எனக்கு மனுசர்களைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடைக்கு யாராவது வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். கதவைத் தட்டினாலும் “பேப்பர் வெளிய கெடக்கு, தொறக்கக் கூடாது” என்று சொல்லிவிடலாம். வெட்கப்படுகிறவளுக்கு இதைவிட நல்ல உத்தியோகத்தை அரசாங்கம்கூடக் கொடுக்க முடியாது.

அந்த வேலை எனக்கு நன்றாக வந்தது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பிரிண்ட் போடும் இயந்திரத்தில் மேலே விளக்கு, நடுவில் நெகட்டிவ், கீழே பேப்பர். நெகட்டிவ் வழியாகப் பேப்பரில் எவ்வளவு நேரம் வெளிச்சம் விழுகிறதோ, படம் அவ்வளவு கறுக்கும். நேரத்தைக் குறைத்தால் வெளுக்கும். கடிகாரம் எல்லாம் கிடையாது. நான் “முருகா, முருகா” என்று எண்ணுவேன். சாதாரண நெகட்டிவுக்குப் பத்து முருகா. “மாப்ள வீட்டுக்கு அனுப்பணும், கொஞ்சம் கலராப் போட்டுக் குடுங்க” என்று யாராவது கேட்டால் எட்டு முருகாவில் விளக்கை அணைத்துவிடுவேன். பொண்ணு பளிச்சென்று வந்து நிற்பாள். போடியில் அந்தக் காலத்தில் எத்தனையோ பெண்களுடைய சிவப்பு நிறம் இரண்டு முருகாவைத் திருடியதால் வந்தது.

வெளிச்சத்தைக் குறைத்தால் முகம் வெளுக்கும். கூட்டினால் கறுக்கும். இந்த ஒரு பாடத்தை ஆறு வருசம் படித்து மனசில் கல்வெட்டாக வெட்டி வைத்திருந்தேன். இப்போது கதைக்கு வருகிறேன்.

என் நாத்தனார் தனத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத் தோட்டத்தில் சூப்பர்வைசர். கல்யாணம் தோட்டத்திலேயே, ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோருக்கு முன்னால் இருக்கும் களத்தில். என் மாமனார் இல்லை. அதனால் அண்ணன் என்ற முறையில் என் வீட்டுக்காரர்தான் மணவறையில் நின்று தாரைவார்த்துக் கொடுக்கவேண்டும். அப்படியானால் போட்டோ எடுப்பது யார்?

“பஜார்ல புதுசாக் கடை போட்ருக்காரே, அவரக் கூப்பிடுவமே” என்றார் என் மாமியார்.

“அவனக் கூப்பிட்டா, ராசாங்கம் வீட்டுக் கல்யாணத்துக்கே நாந்தான் எடுத்தேன்னு போர்டு எழுதித் தொங்க விட்ருவான். கொன்னாலும் கூப்பிட மாட்டேன்” என்றவர், மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

நான் உடனே இருட்டறைக்குப் போயிருக்கவேண்டும். ஆனால் அது வீடு. அடுப்படிதான் இருந்தது. அங்கேயும் பின்னாலேயே வந்துவிட்டார்.

“நீதான் புள்ள எடுக்கணும்.”

“எனக்கு வராதுங்க. எல்லாரும் பாப்பாக.”

“எல்லாரும் பொண்ணு மாப்ளயத்தான் பாப்பாக. ஒன்னைய எவன் பாக்கப் போறான்.”

(பட்டுச் சேலை கட்டி, கழுத்தில் கேமராவும் தோளில் பேட்டரிப் பையும் கையில் ஃப்ளாஷுமாக ஒரு பொம்பளை நின்றால் மலையில் எவனும் பார்க்கமாட்டான் என்று அவர் உண்மையிலேயே நம்பினார்.)

ஒரு வாரம் பயிற்சி நடந்தது. ஃபிலிம் இல்லாமல்தான். அரிசி மூட்டை மாப்பிள்ளை, எண்ணெய்த் தூக்கு பொண்ணு. எங்கள் கேமரா பெட்டி மாதிரி இருக்கும், மேலே இருந்து குனிந்து பார்க்கவேண்டும். லென்ஸைச் சுற்றி முன்பக்கம் நெம்புகோல் மாதிரி ஒரு சின்ன நெம்பு. அதைத் தள்ளினால் உள்ளே ஓட்டை சிறுத்துப் பெருக்கும். எண் சின்னதாக இருந்தால் ஓட்டை பெரிது, எண் பெரிதாக இருந்தால் ஓட்டை சிறிது. எங்கள் பிரிண்ட் இயந்திரத்தின் லென்ஸிலும் இதே எண்கள்தான். ஆகவே ரொம்பப் பழகியவள் மாதிரித் தலையாட்டினேன்.

“ஃப்ளாஷ் வெளிச்சம் கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள போயிரும். அதுக்குக் கணக்கு இந்த ஓட்டைதான். ஸ்பீடு இருக்கு பாரு, அது பின்னால கெடக்குற பகல் வெளிச்சத்துக்கு. மலையில மூட்டமா இருக்கும், அதனால முப்பதுலயே கெடக்கட்டும். ரெண்டும் ஒத்துப் போனாத்தான் ஆளும் தெரியும், பின்னால மலையும் தெரியும். ஃப்ளாஷு முதுகுல அட்டவணை எழுதிருக்கு. பத்தடிக்கு எட்டு. ஏழடிக்குப் பதினொன்னு. அஞ்சடிக்குப் பதினாறு. நீ அதெல்லாம் பாக்காத. எட்டுல வையி. பத்தடியில நில்லு. அமுக்கு. அம்புட்டுத்தான் சோலி. வேற எதையும் தொட்ராத.”

“ஆகட்டுங்க” என்றேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. சோறு கொதிக்கும்போது பத்தடி, எட்டு. துணி துவைக்கும்போது பத்தடி, எட்டு. தெருவில் யாராவது எதிரே வந்தால் எத்தனை அடி என்று அளந்துகொண்டே அவர் மேல் போய் முட்டினேன்.

வைகாசிக் கடைசியில் கல்யாணம். முதல் நாளே ஜீப்பில் மேலே போய்விட்டோம். விடிந்து பார்த்தால் களத்தில் பஞ்சு மாதிரி மூட்டம். நான் ஒரு நிமிசம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பையைத் தோள் மாற்றினேன். கேமரா மூடியைத் திறந்தேன், மூடினேன். ஃபிலிம் சரியாக ஏறியிருக்கிறதா என்று திறந்து பார்க்கக் கை துடித்தது. (திறந்தால் அவ்வளவும் போச்சு. அந்த அளவுக்குத் தெரியும்.)

கொண்டு போனது இரண்டு ரோல். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். முகூர்த்தத்துக்கு முன்னால் முதல் ரோலை எடுத்து முடித்தேன். சமையல்காரர், வாழை மரம், வரிசைத் தட்டு, ஜீப்பு, ஜீப்பு டிரைவர். எல்லாம் பத்தடி, எட்டு. டிரைவர் அண்ணன் சட்டைப் பையில் சீப்பு தெரியும்படி நின்றார். அவருக்குப் பத்தடியை நான் காலடி வைத்து அளந்துகொண்டு போனதைப் பார்த்து, மாப்பிள்ளையின் சித்தப்பா கேட்டார். தோட்டத்தில் அவர் கங்காணி. ஐம்பது ஆளை மேய்த்துப் பழகிய குரல்.

“ஏத்தா, போட்டோ எடுக்கியா, இல்ல, ஏலச்செடிக்குக் குழி அளக்கியா?”

களமே சிரித்தது. நான் அதற்கப்புறம் காலால் அளக்கவில்லை. கண்ணால் அளந்தேன். கூச்சப்படுகிறவள் கண்ணுக்கு எல்லாரும் பக்கத்தில் இருப்பது போலத்தான் தெரியும். பதினைந்தடி தள்ளி நின்றுகொண்டு, ஐயோ ரொம்ப ஒட்டி நிற்கிறோமே என்று இன்னும் ஒரு எட்டு பின்னால் வைத்தேன்.

இரண்டாவது ரோலை மாற்றிக்கொண்டு பொண்ணு இருந்த அறைக்குப் போனேன். தனம் முகத்தில் அரை டப்பா பவுடர் அப்பியிருந்தார்கள். அவள் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

“மதினி, ஒண்ணு கேட்டா செய்வியா?”

“என்னத்தா?”

“கடையில எங்கூட ஏலக்காய் பொறுக்குற நாப்பது பேருல ஒருத்தியும் மலையேறி வரல. எல்லாரும் போட்டோவுலதான் பாக்கணும்னு காத்துக் கெடக்காளுக. கருவண்டு மாப்ள, கருவண்டு மாப்ளன்னு ரெண்டு மாசமா என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிட்டாளுக. தாலி கட்டுறப்ப ஒரு படம், அவுகளக் கொஞ்சம் கலராக் காட்டிரு மதினி. அது ஒண்ணு போதும்.”

மாப்பிள்ளை நல்ல கறுப்பு. அழகான கறுப்பு என்று இன்று சொல்வேன். அன்று எங்கள் இரண்டு பேருக்கும் அந்த விவேகம் இல்லை. அவள் கண் கலங்கியிருந்தது. நாளைக்கு அந்த நாற்பது பேர் நடுவில் போய்ப் படத்தைக் காட்டப்போவது அவள்தான்.

“நான் பாத்துக்கிறேன்” என்றேன். வாழ்நாளில் நான் துணிந்து வாக்குக் கொடுத்தது அந்த ஒரு தடவை. அதையும் ஒருத்தி கேட்டுத்தான் கொடுத்திருக்கிறேன்.

கேமராவை எடுத்தேன். தனத்தின் முகம் பவுடரில் வெள்ளைவெளேர் என்று இருந்தது. இது அதிகமாக வெளுத்துவிடும், கொஞ்சம் கறுக்கவேண்டும். கறுக்கவேண்டுமானால்? வெளிச்சம் கூட்டவேண்டும். ஆறு வருசப் பாடம். நெம்பைத் தள்ளி ஓட்டையை முழுசாகத் திறந்து, பக்கத்தில் நின்று, தனத்தைத் தனியாக மூன்று படம் எடுத்தேன். மூன்றாவது ஃப்ளாஷில் அவள் “கண்ணு அவிஞ்சு போச்சு மதினி” என்றாள்.

மணவறைக்கு வந்தேன். மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். மூட்டம் வேறு. இவர் இன்னும் கறுத்துவிடுவாரே, வெளுக்க வைக்கவேண்டுமே. வெளுக்கவேண்டுமானால்? வெளிச்சத்தைக் குறைக்கவேண்டும். நெம்பை மறுபக்கம் தள்ளினேன். எட்டு, பதினொன்று, பதினாறு. நாற்பது பேரை நினைத்துக்கொண்டு, கடைசி எண்ணான இருபத்திரண்டு வரைக்கும் தள்ளினேன். அதற்குமேல் போகவில்லை. போயிருந்தால் தள்ளியிருப்பேன்.

நெம்பு கேமராவின் முன்பக்கம் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா. எனக்கு எதிரே நின்றவருக்கு அது நன்றாகத் தெரியும். எதிரே நின்றவர் என் வீட்டுக்காரர்.

நெம்பு ஒரு கோடியில் போய் நிற்பதைப் பார்த்துவிட்டார். அவர் கையில் தனத்தின் கை, அதன்மேல் தேங்காய், மேலே செம்புத் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது. கையை எடுக்க முடியாது. கண்ணை உருட்டினார். நான் நெற்றிப் பொட்டைச் சரிசெய்துகொண்டேன். தாடையை மேலே தூக்கிக் காட்டினார். நான் ஃப்ளாஷைக் கொஞ்சம் உயர்த்தினேன். கடைசியில் வாயைத் திறந்தே சொல்லிவிட்டார்.

“எட்டு. எட்டு.”

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

“என்ன மச்சான், எண்ணிக்கிட்டு நிக்கீக?” என்றார் மாப்பிள்ளை.

“ஒண்ணுமில்ல மாப்ளே. நீங்க பிடிங்க” என்ற என் வீட்டுக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம், “புள்ள, வெளிச்சம் பத்தாது, வெளிச்சம்” என்றார்.

பாவம், அவருக்குத் தெரியவில்லை, நான் காரியத்தோடுதான் குறைத்திருக்கிறேன் என்று. பெருமையாகத் தலையாட்டினேன். எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கையால் காட்டினேன். என் வாழ்க்கையில் ஒரு கூட்டத்தின் நடுவில் நான் அவ்வளவு நம்பிக்கையாக நின்றதில்லை.

கொட்டு முழங்கியது. எல்லாரும் எழுந்து அட்சதை போட்டார்கள். மாப்பிள்ளை குனிந்து தனத்தின் கழுத்துக்குப் பின்னால் கை கொண்டுபோனார். பதினாறு பதினேழு அடி தூரத்தில் இருந்து அமுக்கினேன். ஃப்ளாஷ் பளீர் என்றது. அடுத்து ஒன்று. மாலை மாற்ற, மெட்டி போட, அக்கினியைச் சுற்ற என்று, ரோலில் மீதம் இருந்த ஒன்பது படத்தையும் இருபத்திரண்டிலேயே முடித்தேன்.

“நல்லா மின்னல் வெட்டுன மாதிரி அடிக்கியே ஆத்தா” என்றார் கங்காணிச் சித்தப்பா. பாராட்டு என்று நினைத்து வெட்கப்பட்டேன்.

ஊருக்குத் திரும்பும்போது ஜீப்பில் என் வீட்டுக்காரர் கேமராவைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் அதை என் பக்கம் விடவில்லை. நான் மட்டும் உள்ளுக்குள் குறுகுறுத்துக்கொண்டு இருந்தேன். பிரிண்டைப் பார்த்தால் ஆள் அசந்துவிடுவார் என்று.

அன்று சாயங்காலமே இரண்டு ரோலையும் கழுவினார். முதல் ரோலை ட்யூப் லைட்டில் தூக்கிப் பிடித்தார். முகம் மலர்ந்தது. “நல்லா எடுத்திருக்க புள்ள. ஜீப்பு டிரைவரு சட்டைப் பையில சீப்புப் பல்லக்கூட எண்ணலாம்” என்றார். இரண்டாவது ரோலைத் தூக்கினார். நெகட்டிவ் பார்ப்பதில் நான்தானே கெட்டிக்காரி. அவர் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் மூன்று கட்டம் தார் மாதிரிக் கறுப்பு. அடுத்த ஒன்பது கட்டமும் கழுவித் துடைத்த கண்ணாடி.

“இதுல தாலி எங்க இருக்கு?” என்றார்.

நான் தனம் கேட்டதையும், குறைத்தால் வெளுக்கும் என்று குறைத்ததையும் சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“அது பேப்பர் புள்ள. பேப்பருக்கு வெளிச்சம் பட்டாக் கறுக்கும். ஃபிலிமும் அப்படித்தான் கறுக்கும். ஆனா அந்தக் கறுப்புதான பிரிண்டுல திரும்ப வெள்ளையாகும். வெளிச்சமே படலன்னா ஃபிலிமுல ஒண்ணும் இருக்காது, பிரிண்டு பூரா இருட்டு. ரெண்டு தடவ திரும்புதுல்ல?”

ரெண்டு தடவை திரும்புகிறது. ஆறு வருசம் அந்தத் திருப்பத்தின் நடுவிலேயே குடியிருந்தவளுக்கு அது தெரியவில்லை. சாந்தமாகத்தான் சொன்னார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, “தனத்துக்கு என்ன பதில் சொல்றது” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

விடிய விடியக் கெஞ்சிப் பார்த்தேன். பத்து முருகா போடும் இடத்தில் இரண்டு முருகா, ஒரு முருகா, கடைசியில் “மு” என்று ஆரம்பித்து அணைத்தும் பார்த்தேன். பேப்பரில் ஒரு வேட்டி வந்தது. கழுத்து மாலையில் கொஞ்சம் வந்தது. அதற்கு மேலே காற்றில் ஒரு வரிசைப் பல். தனம் தனியாக இருந்த படத்துக்கு அறுபது முருகா எண்ணியும் இரண்டு கண்ணும் ஒரு பொட்டும்தான் வந்தன. அவற்றுக்குக் கீழே ஒரு பட்டுச் சேலை தானாகவே உட்கார்ந்திருந்தது.

மறுவீட்டுக்கு வந்த தனம் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி இந்தப் பக்கம் பார்த்தாள்.

“மதினி, இதுல அவுக எங்க?”

நான் பல்லைக் காட்டினேன். (படத்தில் இருந்ததை.)

அவள் அழுதிருந்தால் நானும் சேர்ந்து அழுதிருப்பேன். அவள் படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, “சரி, விடு மதினி. நாந்தான கேட்டேன்” என்றாள். அந்த வாரம் ஏலக்காய்க் கடைக்குத் தோழிகளைப் பார்க்கப் போனவள், போட்டோ இன்னும் கழுவவில்லை என்று பொய் சொல்லிவிட்டு வந்தாள். மலைக்குப் போன பிறகும், ஊருக்கு வந்து போகிறபோதெல்லாம் அந்தக் கடைத் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனாள். எனக்கு இருட்டறையில் நின்றால் முருகா கணக்குத் தப்பியது. ஊர்க்காரர் பலர் அந்த மாதம் கறுத்துப் போனார்கள்.

மாப்பிள்ளையையும் பொண்ணையும் ஸ்டூடியோவுக்கு வரவழைத்துத் தாலி கட்டுவது மாதிரி ஒரு படம் எடுத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். என் வீட்டுக்காரரும் ஒத்துக்கொண்டார். ஆனால் மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. ஆடி தாண்டிவிட்டால் மலையில் காய் எடுப்பு. அது ஓயும்வரைக்கும் சூப்பர்வைசர் கீழே இறங்க முடியாது. தலைதீபாவளிக்குத்தான் இரண்டு பேரும் வந்தார்கள்.

ஸ்டூடியோவில் முகூர்த்தச் சேலை, மாலை, பவுடர் எல்லாம் தயார். பின்னால் அரண்மனை மாடிப்படி வரைந்த திரை. பத்தடி, எட்டு. என் வீட்டுக்காரரே எடுத்தார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை குனிந்து தனத்தின் கழுத்துக்குப் பின்னால் வெறும் கையை வைத்தார்.

“மச்சான், என்னைய உள்ளது உள்ளபடியே எடுங்க. அக்காவ மட்டும் கலராக்க விட்ராதீக” என்றார் என்னைக் காட்டி.

படம் பிரமாதமாக வந்தது. மாப்பிள்ளை தன் நிறத்தில், கண்ணும் சிரிப்புமாக, அவ்வளவு லட்சணமாக இருந்தார். சரியாகப் பத்து முருகா. ஒன்றுகூடத் திருடவில்லை. தனம் அதை வாங்கிக்கொண்டு நேராக ஏலக்காய்க் கடைக்குப் போனாள். நாற்பது பேரும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றிக்கொண்டார்களாம். படம் கை மாறி மாறிப் போயிருக்கிறது. மாப்பிள்ளையின் நிறத்தைப் பற்றி ஒருத்திகூட ஒரு வார்த்தை பேசவில்லை.

“ஏண்டி தனம், தாலி கட்டும்போதே உனக்கு வயிறு இம்புட்டுப் பெருசா இருக்கு?” என்று கேட்டிருக்கிறார்கள்.

தனத்துக்கு அப்போது ஐந்து மாதம். கழுத்தையும் முகத்தையும் பார்த்த நாங்கள் யாரும் அதற்குக் கீழே பார்க்கவில்லை.

இன்றைக்கும் அவர்கள் வீட்டு ஆல்பத்தில் முதல் படம் அதுதான். இரண்டாவது படம் ஜீப்பு டிரைவர். தனத்தின் மூத்த மகள் பேசக் கற்றுக்கொண்ட நாளில் இருந்து, வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் ஆல்பத்தை நீட்டி, “எங்கம்மாவுக்கு எங்கப்பா தாலி கட்டும்போது நானும் கூட இருந்தேன்” என்று சொல்லிக்கொண்டு இருக்கிறாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னாள். காபி டம்ளர் எல்லாம் பாதி வழியில் நின்றன. தனம் பதறி எழுந்து, மூலையில் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற என்னைக் கையைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, “எல்லாத்துக்கும் காரணம் எங்க மதினிதான்” என்றாள். நான் முதலில் இருந்து, முருகாவில் இருந்து, வந்திருந்த பதினோரு பேருக்கும் விளக்கிச் சொல்லவேண்டியதாயிற்று.

அவர்கள் சிரித்துவிட்டுச் சம்மதம் சொன்னார்கள். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். அதன்படி அவள் கல்யாணத்தில் முகூர்த்தம் தொடங்கி முடிகிற வரைக்கும், என் இரண்டு கையிலும் கைக்கொரு தாம்பாளத்தைக் கொடுத்து, மணவறைக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்க வைத்திருந்தார்கள்.